எனக்குப் பக்கத்தில் நின்றவள்

பந்து என் கைக்கு வந்துவிட்டால் பிறகு யாருக்கும் கிடைக்காது என்பது எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் எல்லோருக்கும் தெரியும். பதுளையில் விடுதியில் தங்கிப் படித்த காலம் அது. அப்பா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லொறி ஓட்டினார். மூன்று அண்ணன்களுக்குப் பிறகு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண்பிள்ளை நான். எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை, பிடுங்கித்தான் பழக்கம். மைதானத்திலும் அப்படியேதான் இருந்தேன்.

கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் இருவர் கார்ட். பந்தை நம் பாதியிலிருந்து எதிரணிப் பக்கம் கொண்டுபோய் ஆட்டத்தை ஆரம்பித்து வைப்பது அந்த இருவரின் வேலை. நான் இருவர் வேலையையும் தனியாகச் செய்துகொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் விஞ்ஞான டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், பல்கலைக்கழக அணியில் ஆடியவர். என்னைத் திட்டுவார், ஆனால் வெளியே உட்கார வைக்கமாட்டார். நான் இல்லாவிட்டால் புள்ளி போட ஆளில்லை. ஆகவே எனக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்பதே அவருக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

முதலில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தினார். நல்ல ஆட்டக்காரிதான், ஆனால் என்னைப் போலவே அவளுக்கும் கையில் பந்து இருந்தால்தான் ஆட வரும். ஒரு போட்டியில் இருவரும் ஒரே பந்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். நடுவர் விசில் ஊதுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். அடுத்து வந்தவள் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள். என்னைக் கண்டால் பயம். பந்து கையில் பட்டதும் நெருப்பு பட்டதுபோல் எனக்கே எறிந்துவிடுவாள். எதிரணிக்கு அது விளங்கிப்போய், அவளை விட்டுவிட்டு இரண்டு பேராக வந்து என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"உனக்குப் பக்கத்தில நிக்கிறதுக்கு ஒரு ஆளைச் செய்துதான் எடுக்கோணும் போல கிடக்கு" என்று டீச்சர் சலித்துக்கொண்டார்.

பத்தாம் வகுப்பில் புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். மடுல்சீமைக்கு அப்பால், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஒரு தோட்டப் பிரிவு, டிவிசன் என்போம், அதுதான் அவள் ஊர். வந்த அன்றைக்கே விடுதியில் அவளுக்கு 'மடுல்சீமை' என்று பெயர் விழுந்துவிட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்திலேயே நின்று, உடனே இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே பந்து கையில் இல்லாத நேரத்தில் ஓடுவதுதான் அவளுக்குத் தெரிந்த விளையாட்டு.

முதல் நாள் பயிற்சியில் அரை மணி நேரம் போனது. அவள் ஒரு தடவைகூடப் பந்து கேட்கவில்லை. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"ஒனக்கு பந்து வேணாமா?" என்று கேட்டேன்.

"வந்தா வாங்கிக்கிறேன். இல்லாட்டி நீயே வச்சுக்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் தோற்பது குறைந்தது. இரண்டு பேர் என்னைச் சுற்றி வளைத்தால், என் கண்ணில் படுகிற இடத்துக்கு அவள் எப்படியோ வந்து நின்றிருப்பாள். கொடுத்தால் நின்ற இடத்திலிருந்தே எறிவாள். பெரும்பாலும் கூடையில் விழும். விழாவிட்டாலும் முகம் மாறாது. எதிரணியின் கெட்டிக்காரியை மறிக்கும் வேலையை, யாரும் சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்டாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன், அவள் ஓடிக்கொண்டிருப்பாள்.

"இந்தப் பிள்ளை நிக்கிறபடியாத்தான் நீ ஆடுறாய், தெரியுமோ?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டார். நான் தலையாட்டினேன். மனதுக்குள், புள்ளி போடுவது நான்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

விடுதியில் அவள் கட்டிலும் என் கட்டிலும் பக்கத்தில் பக்கத்தில். மழை நாட்களில் காயாத உடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். கணக்கில் அவள் கெட்டிக்காரி, எனக்கு அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். அவளுடைய அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். கீழே இரண்டு தம்பிகள். பதினோராம் வகுப்பு ஓஎல் பரீட்சைக்குப் பிறகு மேலே ஏஎல் படிக்க அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "ப்ரொவின்ஸ் டீமுக்கு எடுத்தா ஏஎல் வரைக்கும் படி. இல்லாட்டி ஓஎல் எழுதிட்டு வந்துருன்னு சொல்லிருக்காங்க" என்று ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே சொன்னாள். "எடுப்பாங்களாடி?" என்று கேட்டாள். "எடுக்காம?" என்றேன். அப்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

ஊவா மாகாண அணிக்கான தேர்வு பதுளையிலேயே நடந்தது. பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். பண்டாரவளையிலிருந்து ஒரு உயரமான பெண் வந்திருந்தாள். காலில் வெள்ளைச் சப்பாத்து, தலையில் பட்டி, பேச்சில் பாதி ஆங்கிலம். பந்தை அழகாகத் தட்டுவாள். இடைவேளையில் அவளாகவே என்னிடம் வந்து, நான் ஆடுவது சூப்பர் என்று சொல்லித் தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தாள். அப்படிப்பட்ட ஒருத்தி என்னிடம் வந்து பேசியது அதுதான் முதல் தடவை. பின்னேரம் வரைக்கும் என் கால் தரையில் இல்லை.

நாலு மணியளவில் தேர்வாளர்கள் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சேரும் ஒரு மேடமும். மேடத்தின் மடியில் பெயர்கள் எழுதிய தாள் இருந்தது. சேர் சிங்களத்தில் கேட்டார். நான் அணிக்கு வந்துவிட்டேனாம். பதினொரு பேர் முடிவாகிவிட்டார்களாம். இன்னும் ஒரு கார்ட் வேண்டும், இரண்டு பேரில் யாரை எடுப்பது என்று அவர்களுக்கே குழப்பம். ஒருத்தி உங்கள் பள்ளிப் பிள்ளை, மற்றவள் பண்டாரவளைப் பிள்ளை. உன் பக்கத்தில் யார் நின்றால் உனக்கு நல்லது?

மடுல்சீமைக்காரி அங்கே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தன் பையோடு என் பையையும், என் தண்ணீர்ப் போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கிற தூரமில்லை. அவளுடைய சப்பாத்தின் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது, நூலால் தைத்திருந்தாள். அது இங்கிருந்தே தெரிந்தது. அவர்களுக்கும் தெரியுமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம்தான்.

பண்டாரவளைப் பிள்ளை என்று சொன்னேன்.

மேடம் தாளில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

பட்டியலை வாசித்தபோது அவள் கடைசிப் பெயர்வரை கேட்டாள். பிறகு என் பையை என்னிடம் கொடுத்தாள்.

"நீ நல்லா வெளையாடிட்டு வா" என்றாள். "நான் இன்னும் கொஞ்சம் கத்துக்கணும் போல."

பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். விடுதிவரை இருவரும் நடந்துதான் வந்தோம்.

கொழும்பில் மாகாணங்களுக்கிடையிலான போட்டி. முதல் ஆட்டமும் இரண்டாவது ஆட்டமும் தோற்றோம். பண்டாரவளைப் பெண்ணின் மீது குற்றமில்லை, அவளும் என்னைப் போல. அவள் பந்தை வைத்திருக்கும்போது நான் சும்மா நின்று பார்த்தேன், நான் வைத்திருக்கும்போது அவள் சும்மா நின்று பார்த்தாள். என்னிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு எதிரணிக்காரி ஓடியபோது திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அதற்கு முன்பும் என்னிடமிருந்து பந்து பறிபோயிருக்கிறது. அப்போதெல்லாம் பின்னால் யார் ஓடினார்கள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பிறகு ஓஎல் பரீட்சை வந்தது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று அவள் தகரப் பெட்டியோடு மடுல்சீமை பஸ் ஏறினாள். பெறுபேறு வந்தபோது கணக்கில் அவளுக்கு ஏ. ஆனாலும் ஏஎல் வகுப்புக்கு அவள் வரவில்லை.

"ஏன் அவள் வரேல்லை? நீ ஒருக்காப் போய்ப் பாரன்" என்று டீச்சர் கேட்டார். மடுல்சீமை ரோட்டு மோசம், மழைக்கு மண் சரிகிறது என்று ஏதேதோ சொன்னேன். ரோட்டு மோசம்தான். ஆனால் நான் போகாததற்குக் காரணம் ரோட்டு இல்லை.

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனக்குப் பதுளையில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில் மாகாண அணிச் சான்றிதழைக் காட்டியபோது அதற்கும் தனியாகப் புள்ளி போட்டார்கள்.

போன வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறை பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்து, முகம் கறுத்திருந்தாள். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. பக்கத்தில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று ஐஸ் பழம் சாப்பிட்டுக்கொண்டு நின்றது.

அவள்தான் முதலில் பேசினாள்.

"வாங்க. நல்லா இருக்கீங்களா?"

ஒரே வாளியில் குளித்தவர்கள் நாங்கள். அந்த 'வாங்க' எனக்குத் தாங்கவில்லை.

"என்னடி, வாங்க போங்கன்னு பேசுற?"

"இல்ல, ஆபீஸ்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க." பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "இது அம்மா கூட படிச்ச ஆன்ட்டி. ப்ரொவின்ஸுக்கெல்லாம் வெளையாடினவங்க."

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். தம்பிகள் இருவரும் கொழும்பில் கடைகளில் வேலைக்கு நிற்கிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை, அதே டிவிசனில் கல்யாணம் கட்டிக்கொண்டு அவள்தான் மலைக்குப் போகிறாள் என்றாள். தோட்டத்து விளையாட்டுப் போட்டிக்கு அங்குள்ள பிள்ளைகளைப் பழக்கிக் கொடுக்கச் சொல்லி அவளைக் கேட்டிருக்கிறார்கள். "எனக்கு அதெல்லாம் சரியா வராதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தேர்வு நாளன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டதை, நான் சொன்ன பதிலை, அப்படியே சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் கையிலிருந்த ஐஸ் பழக் குச்சியை வாங்கி எறிந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப நான் நல்லாத்தான் வெளையாடினேனா?"

"ஒன்ன மாதிரி ஒருத்தி எனக்குப் பொறகு கெடைக்கவே இல்லடி."

"நான் ஆகாதவன்னுதான் எடுக்கலன்னு நெனச்சேன். அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன். எனக்கு வெளையாட வரலம்மா, நான் வந்துர்றேன்னு." அவள் குரல் உயரவேயில்லை. "இத ஏன் இப்ப சொல்றீங்க?"

மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன, சின்ன வயசு" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மடுல்சீமை பஸ் வந்தது. வீட்டுக்கு ஒருநாள் வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் வராதே என்று சொல்வதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். விசாரித்து விசாரித்து அந்த டிவிசனைக் கண்டுபிடித்து, லயத்து வாசலில் போய் நின்றபோது மத்தியானமாகியிருந்தது. அவள் மலையில் இருந்தாள். அவளுடைய மாமியார் உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தார். அவள் வந்து, கால் கழுவிவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்று பேசினாள். மழையைப் பற்றி, பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, அட்டைக்கடியைப் பற்றி. மரியாதையாகத்தான் பேசினாள். பேச்சு விளையாட்டுப் பக்கம் போகப்போன போதெல்லாம் உள்ளே போய் எதையாவது எடுத்து வந்தாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். பஸ் நிற்கும் இடம்வரை பிள்ளையைத் துணைக்கு அனுப்பினாள், அவள் வரவில்லை. வழியில் பிள்ளை கேட்டது, "ஆன்ட்டி, அம்மா நெசமாவே பாஸ்கட்போல் வெளையாடினாங்களா?"

"ஆமா, என்னவிட நல்லா" என்றேன்.

பிள்ளை நம்பாமல் சிரித்தது.

அதற்குப் பிறகு நான் மடுல்சீமைக்குப் போகவில்லை.