வக்கணை மரத்துக் கிளை

கோயில்காட்டுக் காவலாளிமேல் நான் அபாண்டமாகப் பழி போட்டேன். பொறாமைதான் காரணம்.

திருமயம் அருகே அந்தக் காட்டின் மரவகைகளைப் பட்டியலிட, தாவரவியல் பேராசிரியராக மாணவர்களுடன் போயிருந்தேன். அங்கே சுள்ளி ஒடிப்பதும் தெய்வக் குற்றம். அதனால் ஒல்லியான அந்தக் காவலாளி உதிர்ந்த இலையைக் கடித்துப் பார்த்தே மரத்தின் பெயரைச் சொல்வார்.

நான் கருங்காலி என்று எழுதச் சொன்ன மரத்தின் இலையைக் கடித்துத் துப்பினார். "கசக்குதுங்க சார். இது வக்கணை. கருங்காலி அங்கிட்டு நிக்கிது."

"இனிமே இவரே கிளாஸ் எடுக்கட்டும் சார்" என்றான் ஒரு மாணவன். எல்லோரும் அவர் பின்னால் போய்விட்டார்கள்.

அவர் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்ற வேகத்தில் அன்று மாலை தனியாக வந்து அந்த மரத்தின் ஒரு கிளையை ஒடித்து ஆராய்ந்தேன். அவர் சொன்னதே சரி. மறுநாள் ஒடிந்த கிளையைப் பார்த்து ஊர்க்காரர்கள் கேட்டபோது, மாணவர்கள் முன்னிலையில், "காவலாளிதான் ஒடிச்சாரு" என்றேன். அவர் வேலை போயிற்று.

ஓய்வுபெற்ற பிறகு ஊர்க்கூட்டத்தில் உண்மையைச் சொன்னேன். வேலையை அவருக்கே திரும்பக் கொடுத்தார்கள். அவர் என்னிடம், "ஊருக்குச் சொல்லிட்டீங்க சார். அன்னைக்கு வந்த புள்ளைகளுக்கு யாரு சொல்றது?" என்றார்.

ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் சொல்லி வருகிறேன். கேட்டதும் எல்லோரும், "அவர் நல்லா இருக்காரா சார்?" என்கிறார்கள். என் நலத்தை யாரும் விசாரிப்பதில்லை. இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.