புதினாக்காரர் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி

அந்த முடிதிருத்தும் கடையில் இரண்டே நாற்காலிகள். கண்ணாடிக்குக் கீழே சீப்பும் கத்திரியும் கிடக்கும் பலகையின் ஓரத்தில் ஒரு கெட்டில் சூடாகவே இருக்கும். வயிறு சரியில்லை என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் போதும், கழுத்தில் துணி கட்டுவதற்குள் கையில் புதினா டீ வந்துவிடும். தெருவில் அந்தக் கடைக்காரருக்குப் புதினாக்காரர் என்றே பெயர்.

அவரையும் குறை சொல்ல முடியாது. பல வருடங்களாகக் குடலைப் பிடித்து இழுக்கும் வலியோடு நின்றுகொண்டே வேலை பார்த்தவர். பரிசோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் டாக்டரம்மா புதினா எண்ணெய் மாத்திரை கொடுத்தார்.

"இது குடல் தசையைத் தளர்த்தும். ஆராய்ச்சியிலயும் ஓரளவு பலன் தெரிஞ்சிருக்கு."

வலி மட்டுப்பட்டது. அந்த 'ஓரளவு' மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை. மாத்திரையோடு நிற்காமல் ஊருக்கே டீ போட ஆரம்பித்தார்.

பிறகு மனைவிக்கு நெஞ்செரிச்சல் வந்தது. காலையும் மாலையும் தானே டீ போட்டுக் கொடுத்தார். குறையவில்லை என்றதும் இலையைக் கூட்டினார். ஒரு சாயங்காலம் சீக்கிரமே வீடு திரும்பியவர், மனைவி டம்ளரை அப்படியே தொட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"குடிச்சா இன்னும் எரியுதுங்க. வேண்டாம்னா உங்க மூஞ்சி தொங்கிப்போகும். அதான்."

மறுநாள் இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

"இரைப்பைக்கு மேல மூடித் திறக்கிற வாய் ஒண்ணு இருக்கு. புதினா சிலருக்கு அதையும் தளர்த்திடும், புளிப்பு மேல ஏறிடும். உங்களுக்கு ஒத்துக்கிட்டது இவங்களுக்கு ஆகல, அவ்வளவுதான்" என்றார் அவர்.

திரும்பும் வழியில் புதினாக்காரர் மனைவியின் பையைத் தானே வாங்கிக்கொண்டார். நல்லது செய்வதாக நினைத்து இத்தனை நாளும் எரியவைத்திருக்கிறோமே என்று மனம் குறுகுறுத்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க?" என்று மனைவி சிரித்தார்.

டீயை அவர் விட்டுவிடவில்லை. இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: "தொல்லை எங்கே? தொப்புள் பக்கமா, நெஞ்சுப் பக்கமா?" நெஞ்சு என்றால் டீ கிடையாது. டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவார். சிலருக்கு அதில் கோபம்கூட.

டாக்டரம்மா கொடுத்த மருந்தில் மனைவிக்கு எரிச்சல் தணிந்தது. சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது என்பதால் இருவரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார்கள். பேச்சு முழுக்க மனைவியுடையது. அவர் உம் கொட்டிக்கொண்டே கூட நடக்கிறார்.