கழற்றாத ஹவுஸ்ஃபுல் போர்டு

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படம் போட்டபோது விளம்பரத்துக்குக்கூட எழுந்திருக்காமல் ரெண்டு பேரும் பார்த்தீர்கள். முடிந்ததும் சின்னவன் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஃபிளாப்னு போட்டிருக்கான். இவ்ளோ நல்ல படம் எப்படிப்பா ஓடல?" என்று கேட்டான். "அந்த வருஷம் தீபாவளிக்கு மழைடா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்க மாமா, "மழையாவது ஒண்ணாவது, எல்லாம் எதிராளுங்க பண்ண சதி" என்றான். பெரியவள் எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

மற்ற ஊர்களில் ஏன் ஓடவில்லை என்று எனக்குத் தெரியாது. பெரம்பலூரில் ஏன் ஓடவில்லை என்று நன்றாகவே தெரியும். மழையும் இல்லை, சதியும் இல்லை. வாயால் சொன்னால் உங்க அம்மா நடுவில் புகுந்துவிடுவாள், அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன், தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். உங்க மாமா எனக்கு இளையவன், அதனால் அவன் இவன் என்றுதான் எழுத வரும். நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்தாலும் மறந்துவிடுவேன்.

அப்போது பெரியவளுக்கு மூன்று வயது. சின்னவன் பிறக்கவில்லை. அதற்கு முன்னால் நான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு கிளீனராக இருந்தேன். இருமினால் வெள்ளையாக வரும். எங்க அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் வயலில் கூலி வேலைதான். நம்ம வூட்டில் சொந்தமாக ஒரு தொழில் என்று முதன்முதலில் பார்த்தது நான். டவுனுக்கு வடக்கே பஸ் ரோட்டு மேலேயே இருந்த தியேட்டரில் கேண்டீன் எடுத்திருந்தேன். தகரம் போட்ட ஒரு கொட்டகை, ரெண்டு ஸ்டவ், ஒரு எண்ணெய்ச் சட்டி. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு நாள் என்றால் எனக்கு இடைவேளை பத்து நிமிஷம்தான் நாள். அந்தப் பத்து நிமிஷத்தில் போண்டா, முறுக்கு, டீ, கலர் சோடா எல்லாம் விற்றாக வேண்டும்.

புதுப்படப் பெட்டி எங்க தியேட்டருக்கு எப்போதும் திருச்சியில் ஓடித் தேய்ந்த பிறகுதான் வரும். அந்தத் தீபாவளிக்கு முதலாளி துணிந்து, முதல் நாளே பெட்டி எடுத்தார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, பொங்கல் வரைக்கும் இந்தப் படம் நின்னுச்சுன்னா கேண்டீன் அடுத்த வருஷமும் உனக்குத்தான். நிக்கலைன்னா வேற ஆளு கேட்டுக்கிட்டு இருக்கான். அப்புறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

எனக்கு அந்தப் படத்தின் கதாநாயகனைப் பற்றிக் கவலையில்லை. மறுபடி லாரிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

உங்க மாமா அந்த நடிகருக்கு எங்க ஊர் ரசிகர் மன்றத் தலைவன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரில் அதே நாளில் இன்னொரு நடிகரின் படம். பதினைந்து நாளுக்கு முன்னாடியே இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. பெட்டி வந்ததும் மாலை போட்டு, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். தேங்காயை என் கொட்டகையிலேயே சில்லு போட்டுத் தின்றார்கள். பதினெட்டுப் பேர். "மச்சான், பசங்களுக்கு ஒரு டீ" என்பான். அந்த ஒரு டீ என்பது பதினெட்டு டீ. மன்றத்து ஆட்கள் காசு கொடுத்து எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. கேட்டால், "நம்மாளு படம் ஓடுனா உங்களுக்குத்தானே மச்சான் லாபம்?" என்று எனக்கே பாடம் நடத்துவான்.

முதல் நாள் நாலு ஆட்டமும் நிஜமாகவே நிறைந்தது. காலைக் காட்சிக்கே தியேட்டர் மேனேஜர் உள்ளே கிடந்த ஹவுஸ்ஃபுல் போர்டைத் தூசி தட்டி எடுத்து வந்தார். சிவப்பு எழுத்து, இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் "அரங்கு நிறைந்தது" என்று ஒரு வரி. ரோட்டைப் பார்த்த மாதிரி முன் கேட்டில் மாட்டினார்கள். டிக்கெட் கொடுத்து முடிந்த பிறகு மாட்டுவதும், ஆட்டம் விட்டதும் கழற்றுவதும்தான் முறை.

இரண்டாம் நாளும் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு உங்க மாமா ஒரு கேமரா இரவல் வாங்கி வந்தான். போர்டுக்குக் கீழே மன்றத்து ஆட்கள் நிற்கிற மாதிரி போட்டோ எடுத்து சென்னையில் இருக்கிற தலைமை மன்றத்துக்கு அனுப்ப வேண்டுமாம். "பத்து நாள் ஹவுஸ்ஃபுல்லுன்னு பத்து போட்டோ அனுப்புனா நம்ம மாவட்டத்துக்கே பேரு மச்சான்" என்றான்.

"இன்னிக்கு ரெண்டாம் நாள்தானேடா? பத்து நாளுக்கு இப்பவே எப்படி எடுப்ப?"

"அதுக்குத்தான் சட்டை கொண்டாரச் சொல்லியிருக்கேன்."

என் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஆளுக்கு மூணு நாலு சட்டை மாற்றினார்கள். மழைத் தூற்றலில் நனைந்த சட்டைகளை என் ஸ்டவ்வுக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டார்கள். போண்டா மாவில் ஒரு பொத்தான் விழுந்து கிடந்தது. இதைவிட நான் என்ன சொல்ல?

போட்டோ எடுக்கப் போனால் காற்றில் போர்டு ஆடுகிறது. "எல்லாம் கலங்கலா வந்துரும்டா" என்று கேமராவைப் பிடித்திருந்த மன்றத்துப் பையன் கத்துகிறான். உங்க மாமா என்னிடம் ஓடி வந்தான்.

"மச்சான், லாரியில தார்ப்பாய் கட்டுன கையி உங்களுது. ஆடாம ஒரு கட்டுக் கட்டிக் குடுங்க."

சீக்கிரம் தொலைந்து போனால் போதும் என்று நானும் கட்டுக்கம்பி எடுத்துக்கொண்டு போனேன். நாலு மூலையிலும் கேட்டோடு சேர்த்து முறுக்கிக் கட்டினேன். காற்று என்ன, யானை வந்து இழுத்தாலும் ஆடாது. "இதுதான் கட்டு!" என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மேனேஜர் போர்டைக் கழற்றப் போனவர், கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். "இருக்கட்டுமே, நாளைக்கும் மாட்டத்தானே போறோம்" என்றார். உங்க மாமாவும், "ஆமா சார், கெத்தா இருக்கு, இருக்கட்டும்" என்றான். நானும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பாதிக் கூட்டம். நாலாம் நாள் அதிலும் பாதி. வாலிகண்டபுரம் பக்கத்திலிருந்து, அதற்கும் வடக்கே இருந்தெல்லாம் எங்க தியேட்டருக்கு ஜனம் வரும். நேர் எதிரேயே பஸ் நிற்கும். அந்த ஊர் ஜனம் ஒன்றுகூட இறங்கவில்லை. நான் பின் கேட் வழியாக வந்து பின் கேட் வழியாகப் போகிறவன், கொட்டகையை விட்டு நகர முடியாது. எண்ணெயைக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. படம் எப்படிப் போகிறது என்று கேண்டீன்காரனுக்குத் தெரிகிற மாதிரி முதலாளிக்குக்கூடத் தெரியாது. பிடிக்காத படம் என்றால் பாட்டு வந்ததும் ஆம்பளைகள் எழுந்து வெளியே வந்து பீடி பற்றவைப்பார்கள். இடைவேளைக்கு முன்னாடியே டீ கேட்பார்கள். இந்தப் படத்துக்குப் பாட்டுக்கு ஒருத்தன் வெளியே வரவில்லை. மணி அடித்ததும் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு ஓடினார்கள். உள்ளே இருக்கிறவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான், வெளியே இருக்கிறவன் உள்ளே வர மாட்டேன் என்கிறான். இப்படி ஒரு படத்தை நான் கண்டதே இல்லை. நானும் அதைப் பார்த்ததில்லை, கதவு வழியாக வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வூட்டில் தினமும் ராத்திரி மிச்சப் போண்டாதான். பெரியவளே, போண்டா உருண்டையைக் கண்டாலே நீ வாயை மூடிக்கொண்டு அழுவாய். நான் உங்க அம்மாவிடம், "உன் தம்பி ஓசி டீ குடிச்சே என்னை லாரிக்கு அனுப்பிடுவான்" என்றேன். அவள், "ஏங்க, உங்க கடை நல்லா நடக்கணும்னுதானே அவன் வேலைவெட்டியை விட்டுட்டு அலையறான்?" என்றாள். வேலை இருந்தால்தானே விடுவதற்கு என்று கேட்டேன். ரெண்டு நாள் பேச்சில்லை.

பன்னிரண்டாம் நாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் படம் பொங்கலைத் தாண்டி ஓடியது. முதலாளி சொன்ன சொல் தவறாதவர். கார்த்திகை முடிந்ததும் கேண்டீன் வேறு ஆளுக்குப் போனது. உங்க மாமா தாடி வளர்த்தான். "சதி மச்சான், சதி" என்றான். நான் கும்பிடு போட்டேன்.

லாரிக்குப் போக மனமில்லை. உங்க அம்மா முறுக்குச் சுட்டுக் கொடுக்க, தகர டின்னில் அடைத்து பஸ்ஸில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றேன். அப்படித்தான் ஒரு நாள் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். ஒரு தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு வூட்டுக்குள்ளிருந்து வசனம் கேட்டது. சட்டென்று நின்றுவிட்டேன். பன்னிரண்டு நாள் கதவு வழியாகக் கேட்ட வசனம். அடுத்து என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும், வந்தது. நாலு வூடு தள்ளி இன்னொரு வூட்டிலும் அதே படம், அங்கே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு வந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். "முறுக்கு மொறுமொறுன்னு இருக்கா தம்பி, இல்ல மழைக்கு நமுத்துப் போச்சா?" என்றார்.

"தின்னு பாத்துட்டு வாங்குங்கம்மா. உள்ள என்ன, புதுப் படமா?"

"சபுர்லேருந்து எங்க வூட்டுக்காரவங்க சிடி கொண்டாந்தாங்க." வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவதை அங்கே சபுர் என்பார்கள். "தெருவுல எல்லா வூட்லயும் அதான் ஓடுது. மாஷா அல்லா, நல்ல படம். நாலு தடவை பாத்தாச்சு."

"தியேட்டர்ல ஓடுச்சே, வரலையாம்மா?"

"வராம? அதிசயமா எங்க மாமியா சம்மதிச்சு, ஒம்போது பேரு கிளம்பி வந்தோம். தீபாவளி கழிச்சு சனிக்கிழம மேட்னிக்கி. தியேட்டர்கிட்ட வந்தா கேட்ல ஹவுஸ்ஃபுல்லுன்னு போர்டு தொங்குது. கண்டக்டரும், எறங்காதீங்க, எறங்கி மழையில நிக்கப் போறீங்களான்னாரு. பொம்பளப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க தம்பி நிக்கிறது? அப்படியே பஸ் ஸ்டாண்டு போயி அடுத்த பஸ்ல திரும்பிட்டோம்."

எதிர் வூட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "நாங்க ரெண்டு வாட்டி வந்து திரும்புனோம். மூணாவது வாட்டி போர்டைப் பாத்துட்டு அந்த இன்னொரு படத்துக்குப் போயிட்டோம். அது ஒரு படம்!" என்று முகத்தைச் சுளித்தார்.

அந்தச் சனிக்கிழமை மேட்னி எனக்கு நல்ல ஞாபகம். உள்ளே முப்பது பேர்கூட இல்லை, அதுவும் டிக்கெட் கொடுப்பதைக் கிட்டத்தில் வந்து பார்த்த உள்ளூர் ஆட்கள்தான். எண்ணெய்ச் சட்டியை நான் அடுப்பில் ஏற்றவே இல்லை.

"என்ன தம்பி, நின்னுட்டீங்க? சில்லறை இல்லையா?" என்று கேட்டார் அந்த அம்மா. இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் உங்க மாமாவைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். வூட்டுக்குப் போனதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். சட்டையில் ஆரம்பித்துப் பொத்தான் வரைக்கும் இருந்தது. தியேட்டர் நெருங்கியபோது பஸ் மெதுவானது. அந்தக் கேட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நான் டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்து நல்ல மனசோடு சொன்னார்:

"அண்ணே, படத்துக்கா? ஹவுஸ்ஃபுல்லுண்ணே. எறங்காதீங்க."

குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அந்தப் போர்டை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தியேட்டரில் ஏதோ பழைய படம், வாசலில் ஒரு சைக்கிள்கூட இல்லை. போர்டு ஆடாமல் அசையாமல் இருந்தது, நாலு மூலையிலும் என் கட்டு. படம் போய், என் கேண்டீனும் போய், அது மட்டும் இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் முடிந்திருக்காது.

உங்க மாமாவைக் கேட்க வைத்திருந்த வரிசையெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. போட்டோ எடுக்கிற வரைக்கும் ஆடாமல் இருக்கத்தான் அவன் ஒரு கட்டுக் கேட்டான். கட்டினது நான். ஆட்டம் விட்டதும் கழற்றுவதுதான் முறை என்று தெரிந்தும், இருக்கட்டும் என்று பேசாமல் இருந்ததும் நான். அவனிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. அவன் சதி என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, ஆனால் வாயைத் திறந்து மறுக்க முடிவதில்லை. மழை என்றேனே, அது அதனால்தான்.

"பரவால்ல, எறங்கறேன்" என்று கண்டக்டரிடம் சொல்லி இறங்கினேன். பஸ் போனது. கேட்டில் வாட்ச்மேனும் இல்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியில் கை வைத்தேன். மழையில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கட்டிங் பிளேயர் இல்லை. ஒவ்வொரு முறுக்காக விரலாலேயே பிரித்தேன். நகத்தோரம் கிழிந்தது. நாலாவது மூலை வருவதற்குள் ரெண்டு பஸ் நின்று போய்விட்டது. போர்டைக் கேட்டுக்கு உள்ளே, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தேன். கம்பியைச் சுருட்டி முறுக்கு டின்னில் போட்டு, மூடியை அழுத்திவிட்டு நடந்தேன்.