பிரசாதம் சாப்பாட்டில் சேராது

என் கணவரின் அக்காவை எனக்குப் பிடிக்காது. கல்யாணமான முதல் வாரத்திலேயே பிடிக்காமல் போயிற்று. அதன் பிறகு மனதை மாற்றிக்கொள்ள அவளும் எனக்கு ஒரு காரணம் தரவில்லை. வாய் மதினி என்று கூப்பிடும். மனசு வேறு ஏதாவது கூப்பிடும். நாங்கள் ஆனையூரில் இருந்தோம், அவள் திருப்பரங்குன்றத்தில். ஊருக்கு அந்தக் கோடியும் இந்தக் கோடியும். இருந்தும் இரண்டு பஸ் மாறி வாரம் தவறாமல் வந்து, என் குழம்பில் உப்புப் பார்த்துவிட்டுப் போவாள்.

என் மகளுக்கு ஆறு வயதில் இடது சிறுநீரகத்தில் கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் மதினி சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அரிசியில கல்லுப் பொறுக்காமப் பொங்கிப் போட்டா வேற என்ன வரும்?"

அப்போது என் கையில் முறம் இருந்தது. அதை அவள் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் அம்மா என்னை வளர்த்த விதம். என் கணவர் பேப்பரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா பேசினால் அவருக்குக் காது கேட்காது.

வாழைத்தண்டுச் சாறு கொடுத்தோம், நெருஞ்சிமுள் கஷாயம் கொடுத்தோம். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் குடித்தது. கல் அசையவில்லை.

"வெட்ட வேண்டாம்மா" என்றார் டாக்டர். "வெளியில இருந்து அதிர்வலை குடுத்து உள்ளயே பொடியாக்கிரலாம். பொடி ஒண்ணுக்கோட போயிரும்." பெரியவர்கள் என்றால் வலிக்கு ஓர் ஊசி போதுமாம். சின்னப் பிள்ளை ஆடாமல் கிடக்காது, அதனால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியிலிருந்து வாயில் எதுவும் படக்கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடும் என்று எனக்கு இரண்டு தடவை விளக்கினார்.

அந்த மிஷின் அந்த ஆஸ்பத்திரிக்குச் சொந்தமில்லை. வெளியூரிலிருந்து மாதம் ஒரு நாள் வேனில் வரும். முதல் மாதம் பிள்ளைக்குச் சளி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதத்துக்குள் நான்கு தடவை வலி வந்தது. கல் இறங்கி அடைத்துக்கொண்டால் அந்தச் சிறுநீரகமே வீணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நாள்காட்டியைப் பார்த்தே அந்த மாதத்தைக் கழித்தேன்.

அந்த நாளும் வந்தது. விடிந்தும் விடியாமல் மதினி வந்து நின்றாள், திருநீறும் கையுமாக. நான் குளித்துவிட்டு வரும் வரை பிள்ளை அவளிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சை உடுப்பை மாட்டிவிடும்போது என் மகள் என் கழுத்தை இழுத்துக் காதில் சொன்னாள். "அம்மா, அத்தை பஞ்சாமிர்தம் குடுத்தாங்க. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னாங்க."

அவள் வாயை முகர்ந்தேன். வாழைப்பழமும் ஏலக்காயும் மணத்தன. முந்தானையால் துடைத்தேன். அதற்குள் மயக்க மருந்து டாக்டரம்மா வந்துவிட்டார்.

"பச்சத் தண்ணிகூடக் குடுக்கலயே?"

"இல்லங்க டாக்டர்" என்றேன்.

சொன்னால் திருப்பி அனுப்புவார்கள். இன்னும் ஒரு மாதம். அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. சாமி பிரசாதம்தானே, அது என்ன செய்துவிடப் போகிறது என்று எனக்கும் தோன்றியது. எந்தப் பொம்பளையின் புத்தியை நான் வருஷக்கணக்காகக் கரித்துக் கொட்டினேனோ, அதே புத்தி என் தலைக்குள்ளும் உட்கார்ந்திருந்தது.

கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மிஷின் சத்தம் கேட்டது. டக், டக் என்று ஒரே சீராக. நான் எண்ண ஆரம்பித்தேன். நூறைத் தாண்டியதும் சத்தம் நின்றது. உள்ளே யாரோ கத்தினார்கள். ஒரு நர்ஸ் வெளியே ஓடினாள்.

மயக்கத்திலேயே பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறாள். நுரையீரலுக்குள் போய்விட்டது. குழாய் போட்டு உறிஞ்சினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் பிழைப்பாளா என்று ஐந்து நாள் வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்த வேகத்தில், "யாரு இந்தப் பிள்ளைக்குச் சாப்பிடக் குடுத்தது?" என்றார்.

என் கை தானாக மதினி பக்கம் நீண்டது. அவள் பயந்துபோய் என்னையும் டாக்டரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிரசாதம்தான டாக்டர், இம்புட்டுக்காணுதான்" என்று விரல் நுனியைக் காட்டினாள். "அது சாப்பாட்டுல சேராதே."

அன்றைக்குத்தான் என் கணவருக்குக் காது கேட்டது. அத்தனை பேர் முன்னால் கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து, "இனிமே என் வீட்டு வாசப்படிய மிதிக்காத" என்றார். அவள் செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கிப் போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தச் சந்தோஷம் இருந்தது.

பிள்ளை பிழைத்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடி மயக்கம் கொடுத்துக் கல்லை உடைத்தார்கள். அவள் ஒண்ணுக்கை நான் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தேன். மணல் மாதிரி வந்தது. தம்பி சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மதினி அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. கேட்டவர்களிடமெல்லாம், என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது முழு உண்மையாகிவிட்டது.

மகள் பெரியவளானாள். சடங்கில் முதல் தண்ணீர் அத்தை ஊற்ற வேண்டும். என் அண்ணன் மனைவியை ஊற்றச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்.

"திருப்பரங்குன்றத்து அத்தையக் கூப்பிடலயா?"

"உன்னக் கொல்லப் பாத்தவளையா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் உன் காதுல சொன்னேனேம்மா" என்றாள்.

அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனேன். மதினியை அன்றைக்கும் நான் கூப்பிடவில்லை.