முப்பத்தொன்றாம் தேதிக் கண்டம்

ஊறிய தோல் வாஷரைப் பல்லிடுக்கில் கடித்தபடியே தனக்கோடி கேட்பார்: “பர்மாவுல இருந்தீங்களே, சனவரி முப்பத்தொண்ணாந்தேதி எங்க இருந்தீங்க?”

பம்ப் ஸ்டவ்வைப் பழுது பார்க்கக் கொண்டு வந்தவர் விழிப்பார். தாம் பர்மாவிலிருந்து திரும்பியவர் என்பதை அப்போதுதான் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பார். எந்த வருடத்து ஜனவரி என்று திருப்பிக் கேட்பார்.

“எந்த வருசமானாலும் சரி. தேதிதான் முக்கியம்.”

அலசூர் கடைத்தெருவில் அவருடைய கடை ஒரு கதவு அகலம். காதில் பற்றவைக்காத பீடி ஒன்று எப்போதும் இருக்கும். மண்ணெண்ணெய் புழங்கும் இடத்தில் நெருப்பு ஆகாது என்று கடை சாத்தும் வரை அதைத் தொட மாட்டார். நல்ல தொழிலாளி என்று அவரைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் கை வைத்த ஸ்டவ் சில நாள் நன்றாகவே எரியும். பிறகு கழற்றிப் பார்த்தால் பர்னர் நம்முடையதாக இருக்கும், நிப்பிள் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

காரணம் அவருடைய பேச்சு. பர்மா உள்நாட்டுச் சண்டையை விளக்குவதற்குக் கைக்கு அகப்பட்ட உதிரிகளையெல்லாம் பலகையில் பரப்பிவிடுவார். பர்னர் இன்சீன் நகரம். நிப்பிள்கள் தனிநாடு கேட்ட கரீன் இனத்தாரின் படை. வாஷர்கள் கம்யூனிஸ்டுகள், அதிலும் புது வாஷர் வெள்ளைக்கொடிக் கட்சி, தேய்ந்த வாஷர் சிவப்புக்கொடிக் கட்சி. திருகாணிகள் சர்க்கார் பட்டாளம், ஆனால் அவற்றில் பாதி நடுவிலேயே கட்சி மாறிவிடும். எது எப்போது மாறியது என்பதில் அவருக்கே குழப்பம் வந்து, ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி அள்ளும்போது எந்த உதிரி எந்த ஸ்டவ்வுக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது.

பாலமும் பாதையும் போடும் சாப்பர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற வெங்கடசாமி அந்தத் தெருவுக்குப் பெரியவர். அவருக்கு இதைப் பார்த்தால் பொறுக்காது.

“ஏம்ப்பா, சண்டைன்னா ரெண்டு பக்கம் இருக்கணும். இது இன்னாது, சந்தைக்கடையாட்டம்?”

“ரெண்டு பக்கம் இருந்திருந்தா எங்கண்ணன் எந்தப் பக்கம்னு எப்பவோ கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டிருப்பேனே, அவில்தாரே.”

அண்ணன் பெயர் பச்சைமுத்து. இன்சீன் ரயில்வே பட்டறையில் பிட்டர். தனக்கோடி அதே பட்டறையில் அவருக்குக் கீழே உதவியாள். 1948இல் ஊர் நிலைமை கெட்டபோது பச்சைமுத்து தம் மனைவி யசோதாவையும் சிறு மகளையும் தம்பியோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டார். “கலாட்டா அடங்கட்டும், பின்னாலயே வர்றேன்” என்றாராம். மறு வருடம் ஜனவரி 31 அன்று இன்சீனில் கரீன் படைக்கும் சர்க்கார் படைக்கும் சண்டை மூண்டது. அதற்குப் பிறகு பச்சைமுத்துவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சண்டை மாதக்கணக்கில் நடந்ததாகத்தான் பத்திரிகைகள் சொல்லின. தனக்கோடியின் மனத்தில் மட்டும் அந்த ஒரு தேதி ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது.

“அது எங்கண்ணனுக்குக் கண்டம்” என்பார். “வருசா வருசம் அந்தத் தேதி வரும். அன்னிக்கு அவன் இருக்குற எடத்துல சண்டை இல்லன்னா தாண்டிட்டான்னு அர்த்தம். அப்புறம் அடுத்த சனவரி வரைக்கும் ஒண்ணும் ஆவாது.”

ஒரு நாளுக்கும், அதே பெயரோடு மறு வருடம் வருகிற இன்னொரு நாளுக்கும் என்ன உறவு என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். காலத்தைப் பற்றிப் படித்த புத்தகங்களில் தெளிவான பதில் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் தனக்கோடியைப் பார்த்துச் சிரிக்கவும் எனக்குத் தகுதி இல்லை.

பர்மாவிலிருந்து வந்தவர் எவர் அகப்பட்டாலும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் விசாரணை. ஐம்பதாம் வருடம் அதே தேதியில், டவுங்கூ நகரம் கரீன் படையின் கையில் இருந்தபோது, அங்கே ஒரு மதராஸ் பிட்டர் தண்ணீர்க் குழாயில் துப்பாக்கி செய்துகொண்டிருந்ததாக ஒரு சமையல்காரர் சொன்னார். ஐம்பத்து மூன்றில், வடக்கே சீனப் பட்டாளத்தோடு தகராறு நடந்த சமயம், அதே ஜனவரி 31 அன்று பச்சைமுத்துவை மாண்டலே ஆஸ்பத்திரியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அதே நாளில் தெற்கே மோல்மேன் படகுத் துறையில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். தனக்கோடி இரண்டு பேரையும் நம்பினார். ஐம்பத்து நான்கில் ரயில் பாதையில் கண்ணிவெடி வெடித்துப் பச்சைமுத்து செத்தே போனார், கண்ணால் பார்த்தேன் என்று ஒரு சுமைக்கூலி அடித்துச் சொன்னார். தேதி கேட்டதற்கு ஜனவரி முப்பது என்றார்.

“முப்பதா? அப்ப அது வேற ஆளு” என்று சொல்லிவிட்டுத் தனக்கோடி பம்ப் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

வெறும் கிறுக்கு என்றால் தெரு சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் யசோதாவின் கழுத்தில் தாலி இருந்தது இந்தக் கணக்கை நம்பித்தான். ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயாவாக வேலை பார்க்கிற யசோதா, காலையில் கிளம்பும்போது வட்டமாகக் குங்குமம் வைத்துக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் தெருவைக் கடந்து போவார். காணாமல் போனவனைப் பற்றிப் பன்னிரண்டு வருடம் தகவல் இல்லையென்றால் அவனைச் செத்தவனாகவே வைத்துக் கருமம் செய்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நடுவில் அவனைப் பார்த்த சாட்சி கிடைத்தால், பார்த்த நாளிலிருந்து மறுபடி பன்னிரண்டு எண்ண வேண்டும். தனக்கோடியின் பழைய சாட்சிகளைத் தள்ளிவிட்டால், 1961 ஜனவரியோடு பன்னிரண்டு முடிந்தது. அதற்குள் மில் தொழிலாளி முனிராஜ், யசோதாவின் மகளைத் தம் மகனுக்குக் கேட்டிருந்தார். பெண்ணைப் பிடித்திருந்தது, கருமம் முடியாத வீட்டில் சம்பந்தம் செய்யத்தான் பயம். ஆள் இருக்கிறார் என்றால் சாட்சியைக் காட்டுங்கள், இல்லையென்றால் காரியத்தை முடியுங்கள் என்று சொல்லிவிட்டார்.

பொங்கல் கழிந்த வாரம் டென்சில் தம் ஸ்டவ்வோடு கடைக்கு வந்தார். பர்மா ரயில்வேயில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்று, காக்ஸ் டவுனில் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலோ இந்தியர். நானும் அப்போது அங்கே இருந்தேன். அண்ணன் பெயரையும் பட்டறையையும் சொல்லித் தனக்கோடி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“அந்த டேட் நல்லா ஞாபகம் இருக்கு மேன். எங்க வெட்டிங் டே. பிஃப்டி சிக்ஸ்ல, பின்மனா ஸ்டேஷன்ல வண்டிய நிறுத்திட்டாங்க. முன்னால லைன்ல வெடி வெச்சிருக்கானுங்கன்னு.”

“யாரு வெச்சது தொரை? வெள்ளக்கொடியா, செவப்புக்கொடியா?”

“எனக்கு எப்டித் தெரியும்? பேரு எழுதி வெச்சிட்டா போவான்? கதையைக் கேளு. பிளாட்பாரத்துல உங்கண்ணன் நிக்கிறான். ஷெட்ல நாங்க அவன பேட்ச்னுதான் கூப்புடுவோம். ‘ஏ பேட்ச்’னு கத்துனேன். திரும்பிப் பாத்துச் சிரிச்சான். தோள்ல ஒரு கொழந்த. பக்கத்துல ஒரு பர்மாக்காரி, அவ இடுப்புல இன்னொண்ணு. ‘மை மிஸ்ஸஸ்’னு காட்டுனான்.”

தனக்கோடி அடைப்பெடுத்துக்கொண்டிருந்த ஊசி நிப்பிள் துளைக்குள் பாதியில் நின்றது.

“வெடி எத்தினி மைல் தள்ளி?” என்று கேட்டார்.

“ஆளு நல்லா இருக்கான்னு சொல்றேன். நீ வெடியக் கேக்குறியே மேன்.”

டென்சில் போன பிறகு தனக்கோடி அந்த ஸ்டவ்வை உதிரி எதையும் பரப்பாமல் பூட்டினார். முதல் தடவையாக எந்த உதிரியும் இடம் மாறவில்லை. இத்தனை வருடம் தேடிய சாட்சி வந்தாயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், அண்ணன் திரும்பிச் சிரித்திருக்கிறார். அதைச் சொன்னால் யசோதாவின் தாலி நிலைக்கும். கூடவே அந்தப் பர்மாக்காரியையும் இரண்டு குழந்தைகளையும் சொல்ல வேண்டும்.

கடை சாத்தும்போது என்னைக் கேட்டார். “உசுரோட இருக்குறவனுக்குக் கருமம் பண்ணா அவனுக்கு இன்னா ஆவும் சார்?”

நான் கடைப்பலகையை எடுத்துக் கொடுத்தேன்.

“ஆயுசு கூடும்னு சொல்வாங்க” என்றார். பூட்டைப் போட்டுவிட்டு, “கொறையும்னும் சொல்வாங்க” என்றார்.

முப்பத்தொன்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யசோதாவின் வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். வெங்கடசாமி பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தார்.

“சொல்லுப்பா தனக்கோடி. பாத்தவன் எவனாச்சும் இருக்கானா?”

தனக்கோடி டவுங்கூவைச் சொன்னார், மாண்டலேயைச் சொன்னார், மோல்மேனைச் சொன்னார்.

“ஒரே நாள்ல மாண்டலேலயும் இருந்தான், மோல்மேன்லயும் இருந்தானா? உங்கண்ணன் இன்னா, ரயிலா?”

“ரயிலும் ஒரு நாள்ல ஒரு பக்கந்தான் போவும்” என்றார் முனிராஜ். சிலர் சிரித்தார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் தனக்கோடி இந்நேரம் தரையில் எதையாவது பரப்பி வாதாடத் தொடங்கியிருப்பார். அன்று தலையை ஆட்டினார். “கரெக்ட்டுதான். ஒண்ணும் தெளிவா இல்ல” என்றார். வெங்கடசாமிக்கே திகைப்பாகிவிட்டது.

அடுப்படி வாசலில் நின்றிருந்த யசோதா அப்போது பேசினார். “அந்த டென்சில் தொரை உன் கடைக்கு வந்தாராமே தம்பி. பர்மாவுல ரொம்ப நாள் இருந்தவரு. அவரு ஒண்ணும் சொல்லலியா?”

தனக்கோடியைத் தவிர, டென்சில் சொன்னதைக் கேட்டவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். தனக்கோடி என் பக்கம் திரும்பவே இல்லை.

“கேட்டேன் அண்ணி. பாக்கலியாம்.”

“நல்லா கேட்டியா?”

“தேதி சொல்லித்தான் கேட்டேன்.”

யசோதா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “சரி, ஆவ வேண்டியதப் பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. முனிராஜ் சம்பந்தம் உறுதி என்றார்.

யசோதா அந்தப் பொய்யை நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. தனக்கோடி யாருக்காகச் சொன்னார் என்பதும் விளங்கவில்லை. கைவிடப்பட்டவள் என்பதைவிட விதவை என்பது யசோதாவுக்கு மேல் என்று நினைத்தாரா, அந்தப் பெண்ணின் கல்யாணம்தான் பெரிது என்று நினைத்தாரா, அண்ணன் மேல் ஆத்திரமா? கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஒரு மனிதர் இல்லை என்று முடிவு செய்ய இத்தனை பேர் கூட வேண்டியிருந்தது. அவர் இருப்பதைத் தெரிந்து வைத்திருந்த நாங்கள் இருவரும் உண்மையைச் சொல்லவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முப்பத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் கல்பள்ளி மயானத்தில், உடலுக்குப் பதிலாக, வைக்கோலால் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை கட்டி வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். மகன் இல்லாததால் தம்பிதான் கருமம் செய்ய வேண்டும். மொட்டையடித்து, மீசையும் எடுத்து, குளித்த ஈரத்தோடு நின்ற தனக்கோடியை எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இறந்த நாள் எது என்று பண்டாரம் கேட்டபோது வெங்கடசாமிதான் பதில் சொன்னார்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். முதல் ஆள் தனக்கோடி. தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு குனிந்தார். பொம்மைக்கு வாய் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே மூடிய கையைச் சுற்றினார். விரல்கள் திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தார். ஓரமாகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஈர வேட்டியின் முனையில் அந்த அரிசியைக் கொட்டி, இறுக்கி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டார்.