ஃப்ரீசரில் வைத்த லத்தீன் கவிதை

லாபு எஸ்டேட் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. என் பேராசிரியர் நம்பிக் கொடுத்தனுப்பிய உள்ளங்கை அளவு லத்தீன் தத்துவக் கவிதை நூல், முந்நூறு வருடப் பழைய பதிப்பு, பைக்குள் நனைந்துவிட்டது. உடனே உறைய வைத்தால் தாள்களைக் காப்பாற்றலாம் என்று படித்திருந்தேன்.

எதிரே தெரிந்த சாப்பாட்டுக் கடைக்கு ஓடினேன். கவிதை என்றால் கடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்து, "பாய், இது வேதப் புத்தகம். உங்க ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் வேணும்" என்று பொய் சொன்னேன்.

அவர் கைகழுவி வந்தார். ஃப்ரீசரிலிருந்த கோழிகளை வெளியே எடுத்து, அதில் ஒரு தட்டைத் துடைத்துக் கொடுத்தார். எனக்குத் தாங்கவில்லை.

"மன்னிச்சிருங்க பாய். வேதமில்ல. கடவுள் நம்மள கவனிக்கிறதே இல்லன்னு சொல்ற கவிதை."

அவர் ஃப்ரீசர் கதவைத் திறந்து பிடித்தார். "நனைஞ்சிருச்சுல்ல? சீக்கிரம் வைங்க லா, குளிர் போவுது."

நூல் பிழைத்தது. அந்த மனிதரை அவ்வளவு குறைவாக எடைபோட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.