ஒழுங்கை முனையில் எவருமில்லை

"காத்திருப்போர்: எவருமில்லை. தரிப்பிடம் தேவையில்லை." பாலமுனையின் கடற்கரை உள்வீதிக்கு நேரே, எங்கள் பகுதி பஸ் தடங்களின் பொது வரைபடத்தில் இப்படியொரு குறிப்பு இருந்தது. அது பதியப்பட்ட நாள் நவம்பர் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆண்டை வேண்டுமென்றே விடுகிறேன். சம்பந்தப்பட்ட எல்லாரும் இன்றும் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறார்கள்.

அந்தக் குறிப்பைக் கண்டுபிடித்தவள் என் தங்கச்சி. நான் கலியாணம் முடித்துக் கல்முனைக்கு வந்தவன். பாலமுனை வீடு எங்கள் வழக்கப்படி அவளுக்குப் போனது. அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில் இருக்கிறார். கல்முனையில் ஒரு ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. கல்முனையிலிருந்து வரும் சிறிய தனியார் பஸ், பாலமுனைக்குள் நுழைந்ததும் பிரதான வீதியை விட்டிறங்கி, கடற்கரை உள்வீதியால் போய், ஊர் அடக்கத்தலமான மையவாடிக்குப் பக்கத்தில் மறுபடியும் பிரதான வீதியில் ஏறும். அந்தச் சுற்றை நம்பித்தான் அவள் வேலைக்குப் போனாள்.

"காக்கா, இந்த மெப்ப யாரு கீறின?" என்று போனில் கேட்டாள். "எங்கட றோட்டுல ஒரு மனிசரும் பஸ்ஸுக்கு நிக்கிறல்லையாம். அப்ப நான் என்ன, ஜின்னா?"

வரைந்தவர்களை எனக்குத் தெரியும். கொழும்பில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பொறியியலாளரும் அவருடைய நண்பர்களும். எங்கள் பக்கத்தில் எந்த பஸ் எந்த நேரம் எந்த வழியால் போகும் என்பதற்கு அதுவரை எழுத்தில் எதுவுமே இருக்கவில்லை. அவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, போன வழியைத் தடமாகப் பதிந்து, எவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய வரைபடத்தில் ஏற்றினார்கள். பழைய தடங்கள் எப்போது தொடங்கின, எப்போது நின்றன என்று நான் குறித்து வைத்திருந்ததையும் வாங்கிக்கொண்டார்கள். முன்பெல்லாம் ஒரு பஸ்ஸின் வழி மாறுவது, அது வராமல் போன பிறகுதான் நமக்குத் தெரியும். பிறகு மகஜர் எழுதி, கையொப்பம் சேர்த்து, பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த முறை திட்டமிடலுக்குப் பொறுப்பான அலுவலர் இவர்களுடைய தரவையே எடுத்துக்கொண்டு, புதிய தடங்களின் வரைவைப் பொதுவில் வைத்து, ஆட்சேபனைக்கு ஒரு மாதத் தவணையும் கொடுத்திருந்தார். நான் மிகவும் சந்தோஷப்பட்டிருந்தேன்.

வரைவின்படி பஸ் உள்வீதிக்குள் இறங்காது. மையவாடிச் சந்தியில் கூரை போட்ட பெரிய தரிப்பிடம் ஒன்று வரும். தங்கச்சி அங்கிருந்து மஃரிபுக்குப் பிறகு இருட்டில் தனியாக நடந்து வர வேண்டும். மாரியில் வீடுகளுக்கு இடையிலான அந்தக் குறுகிய ஒழுங்கைகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். "அப்ப வேலைய உடுங்க" என்று மாப்பிள்ளை கட்டாரிலிருந்து சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதல்ல, பயத்தில் சொன்னது. அவளுக்கோ அந்த வேலையை விட மனமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, பொறியியலாளரைக் கூட்டிக்கொண்டு பாலமுனைக்குப் போனேன். தங்கச்சி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்ததுமே தொடங்கிவிட்டாள்.

"தம்பி, நீங்க எங்க நிண்டு எண்ணின?"

"உங்கட ஒழுங்கை முனையிலதான் ராத்தா. ஒரு கிழமையா ஒவ்வொரு முனைக்கும் ஆள் போட்டு நிண்ட. பஸ் வருது, ஹோன் அடிக்குது, ஒருத்தரும் வாறல்ல. பஸ் போகுது."

"நீங்க நிண்டா நாங்க எப்பிடி வாற? ஊர் பேர் தெரியாத பொடியன்மார் முனைக்கு முனை போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிண்டா?"

"நாங்க கணக்கெடுக்கத்தானே நிண்ட."

"அது கடப்புக்குள்ள நிக்கிற எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நெத்தியில எழுதி ஒட்டியா இருந்த?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸுக்காக வீதியில் நிற்பதில்லை. ஒழுங்கை முனையில் யாருடைய வீடு இருக்கிறதோ, அந்த வீட்டு வாசலான கடப்புக்கு உள்ளே, படலைக் கதவுக்குப் பின்னால் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். பஸ் ஹோன் அடித்து மெதுவாகும். அப்போதுதான் வெளியே வந்து ஏறுவார்கள். வீட்டுக்காரருக்கும் அது பழகிப்போன விஷயம். அந்தக் கிழமை முழுவதும் பெண்கள் வீட்டு வளவுகளுக்கு உள்ளாலேயே போய், எல்லா முனையிலும் ஆள் நிற்பதைக் கண்டு, கடைசியில் மையவாடிச் சந்தியில் போய் ஏறியிருக்கிறார்கள்.

பொறியியலாளர் கோப்பையைக் கீழே வைத்தார். "அதுதான் அந்தச் சந்தியில மட்டும் சனம் குமிஞ்சு நிண்டதா?"

"ஓம். உங்களுக்குப் பயந்து ஓடி வந்த சனம். அதுக்குத்தான் நீங்க கூரை போடப் போறீங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு முகம் வாடிப்போனது. "ராத்தா, நாங்க ஆம்புளைகள் எண்ணினா இதுதான் வரும். நீங்களே எண்ணித் தாங்களன்" என்றார்.

தங்கச்சியும் அவளோடு போய்வரும் ஆசிரியைகள், தாதிமார் சிலரும் ஒத்துக்கொண்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் போனில் ஒரு தரம் அழுத்தினால் இடம் பதிவாகும். ஆனால் ஒருத்தி கேட்ட கேள்வி எங்களை நிறுத்தியது: "எங்கட கடப்படி உலகத்துக்கே தெரியணுமா?" பொதுவில் வைக்கிற தரவு எல்லாருக்கும் பொதுதான், நல்லவர்களுக்கு மட்டும் என்று அதைப் பூட்ட முடியாது. அதனால் புள்ளி கடப்பில் விழாமல் ஒழுங்கை முனையில் விழ வேண்டும், ஆளின் பெயரும் ஏறிய நேரமும் பதிவாகக்கூடாது என்று முடிவாயிற்று. அந்த மாற்றத்தைச் செய்துவிட்டே பொறியியலாளர் அவர்களிடம் செயலியைக் கொடுத்தார்.

கண்டக்டருக்கு இது பெரிய பகிடியாகிவிட்டது. தங்கச்சி ஏறியதும் போனை அழுத்துவதைக் கண்டு, "என்ன ராத்தா, நீங்களும் சிஐடியில சேர்ந்தாச்சா?" என்றாராம். "ஓம், மிச்சக்காசு குடுக்காத ஆக்களப் புடிக்கத்தான்" என்று இவள் சொல்ல, அன்றைக்கு மிச்சம் கேட்காமலே வந்ததாம்.

தவணை முடிவதற்குள் உள்வீதியின் ஒவ்வொரு முனையிலும் புள்ளிகள் நிறைந்துவிட்டன. விசாரணைக் கூட்டத்துக்குத் தங்கச்சி அரை நாள் லீவு எடுத்து வந்தாள். பழைய வரைபடத்தையும் புதியதையும் அலுவலர் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். முதலாவதில் வெறும் கோடாக இருந்த வீதி, இரண்டாவதில் ஆட்களுடைய வீதியாக இருந்தது. அலுவலர் பொறுமையானவர், அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது.

"தங்கச்சி, உள்ளால சுத்தினா தெற்கால இருந்து ஒலுவிலுக்குப் போற சனத்துக்கு நேரம் கூடுது."

"கூடும்தான் சேர். இல்லையெண்டு சொல்லல்ல. நாங்க நடக்கிற நேரத்தையும் அதோட கூட்டிப் பாருங்க."

கூட்டிப் பார்க்க வரைவில் அதற்கொரு நிரல் இருக்கவில்லை. பஸ்ஸின் நேரம் இருந்தது. பஸ்ஸுக்கு நடக்கும் நேரம் எந்த ஊருக்கும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அலுவலர் தம் உதவியாளரிடம் அங்கேயே சொன்னார். கூட்டத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான். ஒலுவில்காரர் ஒருவர் பின்வரிசையிலிருந்து, "எங்கட பொம்புளையளும் நடக்கிறதான், எங்களுக்கும் எண்ணுங்க" என்று சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள், அலுவலரும்.

முடிவு பாதிக்குப் பாதி. காலைப் பயணமும் மாலைப் பயணமும் உள்வீதியால், நடுப்பகலில் நேர்வழி. அதுவும் தற்காலிகமாக, மறு அறிவித்தல் வரை. தங்கச்சி வேலையை விடவில்லை. நடுப்பகலில் போகும் வயதான பெண்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர்கள் இப்போது மையவாடிச் சந்திக்கு நடக்கிறார்கள்.

இப்போது ஆய்வுகூடத்தில் அடுத்த வருடத்துக்கும் வருவீர்களா என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னைக் கேட்கிறாள்: "காக்கா, பஸ் நிரந்தரம்தானே? நான் ஓம் எண்டு சொல்லவா?" பொது வரைபடத்தில் தற்காலிகத் தடமென்று காட்டிய உள்வீதியின் புள்ளிக்கோடு சென்ற மாதம், நிரந்தரத் தடத்துக்குரிய முழுக்கோடாக மாறியிருக்கிறது. மாற்றியவர் ஆதாரமாக "அலுவலகக் கடிதம்" என்று மட்டும் போட்டிருக்கிறார். பொறியியலாளர் அது தாம் செய்ததல்ல என்கிறார். கடிதம் கையொப்பமாகிவிட்டது என்று கண்டக்டர் சொல்கிறார். அவரும் கண்ணால் கண்டதில்லை. நான் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. இதை எழுதும் நாள்வரை அப்படியொரு கடிதம் இருப்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.